பதினைந்து வாட்டுக்குள் ஒரு விளையாட்டு

ஜித்தாவின் ஷரஃபியா கடைத்தெருவில் கையடக்க கேம் கருவிக்கு விலை பேசுகிறவர் மூன்று கேள்வி கேட்பார். என்ன விலை? கேம் தடுமாறாமல் ஓடுமா? சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? கருவியை வடிவமைத்த பொறியாளருக்கும் இதே மூன்றுதான் தலைவலி. மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம், உள்ளே இருக்கும் சிப்.

சிப் வேகமாக ஓட வேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்செலவு வேகத்தின் அளவில் ஏறும்; மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். இதைத் திருப்பிப் போட்டால் லாபம். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். சோனி 2004இல் வெளியிட்ட பிஎஸ்பியின் சிப் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. ஆனாலும் பேட்டரியைக் காக்க, 2007 வரை கேம்களுக்கு 222 மெகாஹெர்ட்ஸ்தான் கிடைத்தது.

வேகத்தைக் குறைத்தால் படம் தடுமாறாதா? அதற்குத்தான் சிப்பில் கணிப்பு அலகுகளைக் கூட்டுகிறார்கள். ஐந்து பேர் ஓடி முடிக்கும் வேலையைப் பத்துப் பேர் நிதானமாக நடந்தே முடிப்பார்கள். களைப்பு குறைவு, சம்பளம் இரட்டிப்பு. அலகுகள் கூடினால் சிப்பின் பரப்பு பெருகும். ஒரு சிலிக்கான் தட்டில் வெட்டியெடுக்கும் சிப்களின் எண்ணிக்கை குறையும், பழுதாகும் விகிதம் கூடும், விலை ஏறும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைப் பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, டிரான்சிஸ்டரையே சிறிதாக்குவது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் 20 நானோமீட்டர் சிப்புடன் வந்தது. அது ஏற்கெனவே சந்தையில் இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1. புதிதாக வடிவமைக்கும் செலவு மிச்சம். 2019இல் அதே சிப்பை 16 நானோமீட்டருக்கு மாற்றினார்கள். பேட்டரி அதேதான், கேம்களும் அவையேதான். ஆனால் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் என்றிருந்தது நாலரை முதல் ஒன்பது மணி நேரமானது.

சிப்போடு திரையும் மின்சாரம் தின்னும். 1990இல் வந்த சேகா கேம் கியருக்கு வண்ணத்திரை, பின்விளக்கு எல்லாம் உண்டு. ஆறு ஏஏ பேட்டரிகள் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். 1999இல் எஸ்என்கே வெளியிட்ட நியோ ஜியோ பாக்கெட் கலரும் வண்ணத்திரைதான், ஆனால் பின்விளக்கு கிடையாது. இரண்டே பேட்டரியில் 40 மணி நேரம் என்றார்கள்.

வாங்குகிறவர் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022இல் வந்த ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. சிப் உறிஞ்சுவது 4 முதல் 15 வாட். உச்ச வேகத்தில் சிப் மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும். திரையும் மின்விசிறியும் சேர்ந்தால் இன்னும் குறையும். கேமின் பட வேகத்தை நொடிக்கு 60 படங்களிலிருந்து 30 ஆக இறக்கினால் நேரம் நீளும்.

செலவாகும் வாட் எல்லாம் வெப்பமாகத்தான் வெளியேறும். சுற்றிலும் காற்று சூடாக இருந்தால் வெப்பம் வெளியேறுவது கடினம். அப்போது சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்விட்ச்சை 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது நின்டெண்டோ. ஜித்தாவின் கோடைப் பகல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், ஏசி அறைக்குள் விளையாடுவதே கருவிக்கு நல்லது.