சோளக் கொல்லையில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் இல்லினாய் ஆற்றங்கரையில் காம்ப்ஸ்வில் என்றொரு சிற்றூர். மொத்தமே சில நூறு பேர். ஊரில் பாலம் கிடையாது; காரோடு படகில் ஏறித்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். நல்லவேளை, கட்டணம் இல்லை.

அக்கரையில் காஸ்டர் என்ற விவசாயியின் மக்காச்சோளக் கொல்லை. 1969 முதல் 1978 வரை பேராசிரியர் ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர் தலைமையில் அங்கே தோண்டினார்கள். 30 அடிக்கும் கீழே போயிற்று. குன்றிலிருந்து மழை அடித்து வந்த மண் ஒவ்வொரு குடியிருப்பையும் மூட, அதன்மேல் அடுத்த குடியிருப்பு. அடியில், பக்குவமாகப் புதைத்த நாய்கள்! சுமார் 10,000 ஆண்டுப் பழமை என்று 2018ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எனக்குப் பிடித்தது வேறு. காம்ப்ஸ்வில்லில் காலியாகக் கிடந்த கடைகளும் வீடுகளும் ஆய்வுக்கூடங்களாயின. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து மண்ணைத் தோண்டிக் கற்றார்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மிதக்கும். அன்றைய மனிதன் தின்றது தெரியும்.

எங்கள் ரயில்வேக்காரர்களுக்கு இதில் நல்ல பெயர் கிடையாது. அருகிலுள்ள செயின்ட் லூயிசில் பழங்குடியினர் எழுப்பிய பெரிய மேட்டை 1869ல் இடித்து, அந்த மண்ணை ரயில் பாதைக்குக் கொட்டினார்கள். ஹரப்பா செங்கற்கள் லாகூர்–முல்தான் பாதைக்குப் போன கதை நாமறிந்ததே.

நானும் யோக்கியனல்ல. கரை போட 'பாரோ பிட்' வெட்டும்போது கறுப்பும் சிவப்புமாகப் பானையோடுகள் வரும். ஆட்கள் எடுத்துக் காட்டுவார்கள். கன அடிக் கணக்கு முடிய வேண்டுமே என்று, "கொட்டுப்பா, நேரமாகுது" என்பேன்.