பல்குழுவும் பல்கட்சியும்

நாட்டிற்கு இலக்கணம் கூறவந்த வள்ளுவர், பல்குழு, உட்பகை, கொல்குறும்பு ஆகிய மூன்றும் இல்லாததே நாடு என்றார் (குறள் 735). இதனைச் சான்றாகக் காட்டி, பல கட்சிகள் நாட்டிற்குக் கேடு என்றும், ஆள்வது ஒன்றும் எதிர்ப்பது ஒன்றுமாக இரண்டே அமைதல் நலம் என்றும் கூறுவாருளர். அக்குறள் அவர்க்குத் துணையாகுமா? இருகட்சி நிலை மக்கள் கருத்தின் விளைவா, அன்றி வாக்கினை இடமாக மாற்றும் முறையின் விளைவா? இவ்விரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

வள்ளுவர் பல்குழுவைத் தனித்துக் கூறவில்லை; வேந்தனை அலைக்கும் குறும்போடு சேர்த்தே கூறினார். ஆதலின் அவர் விலக்கியன நாட்டின் ஒழுங்கைக் குலைக்கும் கூட்டங்களே. வெளிப்படையாக வாக்குக் கேட்டு, தோற்பின் அமைந்து நிற்கும் கட்சி அவ்வகையினதன்று. இருகூறாகப் பிளந்த நாட்டை அக்குறள் போற்றவும் இல்லை.

ஒரு தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்றவர் ஒருவரே வெல்லும் முறை, காலப்போக்கில் இருகட்சி நிலைக்கே இழுத்துச் செல்லும் எனப் பிரெஞ்சு அறிஞர் துவெர்சே 1951-இல் எழுதினார். பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலம் இதனை விளக்க வல்லது. 2005-இல் தோன்றிய தே.மு.தி.க., 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் தனித்து நின்று, மாநில அளவில் 8 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியான வாக்குகளைப் பெற்றது. விகிதப்படி நோக்கின் 234 இடங்களுள் அது 19 இடங்களுக்கு ஈடாகும். ஆயின், வென்ற இடம் விஜயகாந்த் நின்ற விருத்தாசலம் ஒன்றே. 2011-இல் அ.தி.மு.க. அணியிற் சேர்ந்து 41 தொகுதிகளில் நின்ற அக்கட்சி, தோழமைக் கட்சிகளின் வாக்கும் உடன்சேர, ஏறத்தாழ 8 விழுக்காடே பெற்று 29 இடங்களை வென்றது. எதிர்க்கட்சித் தகுதியும் எய்தியது. பெருங்கட்சியின் நிழலில் ஒதுங்கினாலன்றிச் சிறுகட்சிக்கு அவையில் இடமில்லை என்பது இதனாற் போதரும்.

இம்முறை சிறுகட்சியை மட்டும் நலிப்பதன்று. இலங்கையில் 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியளவு வாக்குக் கொண்டு 168 இடங்களுள் 140 பெற்றது. முப்பது விழுக்காட்டை ஒட்டிய வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8 இடங்களே. அப்பெரும்பான்மை, பாராளுமன்றத் தேர்தலை நடத்தாமலே 1982-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பின் வழித் தன் ஆயுளை நீட்டிக்கொண்டது.

பல கட்சியால் ஆட்சி நிலைபெறாது என்பது எதிர்வாதம். 1949 சனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசார முறையை மறுத்த அம்பேத்கரும் இக்காரணம் காட்டினார். இது புறந்தள்ளத் தக்கதன்று. எனினும், 2006-இல் 96 இடங்களே பெற்ற தி.மு.க., பிற கட்சிகளின் ஆதரவோடு ஐந்தாண்டும் முழுமையாக ஆண்டது.

பல கட்சி இருத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. 1952-இல், விருத்தாசலம் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டிலும் வடவார்க்காட்டிலும் வலுப்பெற்ற உழைப்பாளர் கட்சி 19 இடங்களும், காமன்வீல் கட்சி 6 இடங்களும் வென்றன. அவற்றின் தலைவர்கள் காங்கிரசு அமைச்சரவைகளில் இடம்பெற்றனர். கட்சிகளோ காங்கிரசிற் கலந்து மறைந்தன. அமைச்சுப் பதவி தலைவர்க்கு வாய்த்தது. தனித்த குரலை வாக்களித்தோர் இழந்தனர்.

ஆதலின், வாக்கின் அளவிற்கு ஏற்ப இடம் வழங்கும் முறையோடு கூடிய பல்கட்சி அமைப்பே மேலானதென்க. கருத்து வேற்றுமை அவையினுள் வெளிப்பட இடம்பெறின் அது கட்சியாம். அவ்விடம் மறுக்கப்படின், வள்ளுவர் அஞ்சிய உட்பகையாக மாறவுங் கூடும்.