கொல்லைப்புறத்தில் ஒரு தேனீப் பெட்டி

காலை ஆறரை மணிக்குப் பூசணிக் கொடியின் பக்கம் போய் நின்று பாருங்கள். ஆண் பூவுக்குள் இறங்கிய தேனீ, உடம்பெல்லாம் மஞ்சள் தூளைப் பூசிக்கொண்டு வெளியே வரும். அடுத்து, அடியில் குட்டிக் காயோடு நிற்கும் பெண் பூவுக்குள் நுழையும். முற்பகல் முடிவதற்குள் பூ சுருங்கிவிடும். அதற்குள் தேனீ எட்டிப் பார்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உரம் பத்தவில்லை, தண்ணீர் பத்தவில்லை என்று நாம் எதையெதையோ தேடுவோம். பல நேரம் பத்தாமல் போனது தேனீதான்.

எங்கள் டி. கல்லுப்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. பருத்தி, சோளம், குதிரைவாலி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விளைகிறவை. வீட்டுக் கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு வேம்பு, அவரைப் பந்தல் இருந்தால் அதுவே பெரிய தோட்டம். அந்த வேம்பின் நிழலில் ஒரு தேனீப் பெட்டி வைக்கலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் பக்கம் காணும் தேனீக்களில் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுகிறவை. பெட்டிக்குள் நிற்க மாட்டா. அடுக்குத் தேனீ அப்படியல்ல. மரப்பொந்து, சுவர் இடுக்கு, புற்று என்று இருட்டான இடம் தேடி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல அடைகள் கட்டும். பெட்டி என்பது அதற்கு நாம் செய்து கொடுக்கும் பொந்துதான்.

ஆனால் கணக்கான பொந்து. அடைக்கும் அடைக்கும் நடுவே தேனீ நடமாடச் சில மில்லிமீட்டர் சந்து விடும். சந்து அதைவிட அகன்றால் அங்கும் அடை கட்டி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். இந்தக் கணக்கை வைத்து, சட்டங்களைத் தனித்தனியே உருவி எடுக்கும்படியான பெட்டியை 1850களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் உருவாக்கினார். நம் தேனீ அங்குள்ளதைவிடச் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கேற்ற சிறு பெட்டியை 1910களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் செய்து பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். கீழே அடிப்பலகை, அதன்மேல் முட்டையும் புழுவும் வளரும் அறை, அதற்கு மேல் தேன் அறை, உச்சியில் மூடி. மேலறையில் மட்டும் தேன் எடுப்பதால் ஒரு புழுவும் சாகாது. கூட்டைப் பிழிந்து தேன் எடுத்த பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய கருணை என்பது புரியும்.

உள்ளே ஒரு ராணி, பல ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள், பருவத்தில் சில நூறு ஆண் தேனீக்கள். உழைப்பு மும்முரமான காலத்தில் ஒரு வேலைக்காரியின் ஆயுள் சுமார் ஆறு வாரம். முதல் பாதி வீட்டு வேலை: அறை துடைப்பது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசல் காவல். கடைசி வாரங்களில்தான் பூவுக்குப் போகும். நல்ல பூ கண்டுவந்தால் இருட்டுக்குள் அடையின்மேல் வாலை ஆட்டி ஓர் ஆட்டம் ஆடும். நேர் மேலே நோக்கி ஆடினால் சூரியன் இருக்கும் திசையில் போ என்று பொருள். சாய்ந்து ஆடினால் அதே அளவு சூரியனிலிருந்து விலகிப் போக வேண்டும். எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். இதைப் படித்தறிந்த கார்ல் வான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். பேரப்பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டு மாலையில் பெட்டி வாசலைக் காட்டுங்கள். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று காலில் மகரந்த உருண்டையோடு வந்து இறங்குவதை எண்ணத் தொடங்கினால் பிள்ளை செல்போனை மறந்துவிடும்.

கல்லுப்பட்டிக்கும் தேனீக்கும் இன்னொரு உறவு உண்டு. இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1945இல் வந்த 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் இயற்கையில் காணும் பொருளாதாரங்களை அவர் வகைப்படுத்துகிறார். பிறரை உறிஞ்சி வாழ்வது ஒன்று, பறித்து வாழ்வது ஒன்று. அவற்றுக்கு மேலான படிகளுக்கு அவர் காட்டும் உதாரணம் தேனீ. தனக்கு வேண்டியதை எடுக்கும்போதே பூவைக் காய்க்க வைக்கிறது. சேர்த்ததைத் தனக்கென்று வைக்காமல் கூட்டத்துக்குக் கொடுக்கிறது. லண்டனில் கணக்காயர் படிப்பு முடித்த ஒரு மனிதர் இந்தச் சிறு பூச்சியின் வரவு செலவை அப்படிக் கவனித்திருக்கிறார்.

பராமரிப்பு கடினமில்லை, கவனம் வேண்டும். அடுக்குத் தேனீக்குக் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் குணம் உண்டு. வெயில், எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, அடிக்கடி திறந்து பார்க்கும் நம் ஆர்வம், எது மிஞ்சினாலும் பறந்துவிடும். பெட்டித் தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. புழு வளரும் பகுதியைச் சுமார் 35 டிகிரியில் காக்கத் தேனீக்கள் சிறகால் விசிறும், தண்ணீர் சுமந்து வரும். அதனால் கோடையில் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தது. ஆகவே நோயற்ற கூட்டமாகப் பார்த்து வாங்குங்கள். கொட்டினால் ஒவ்வாமை வரும் ஆள் வீட்டில் இருந்தால் இந்த ஆசையே வேண்டாம்.

வருஷத்துக்குச் சில கிலோ தேன் கிடைக்கும். என் கணக்கில் அது உபரி. பந்தலில் கூடுதலாகக் காய்ப்பதும், வீட்டார் எல்லாரும் மாலையில் ஒரே இடத்தில் கூடி உட்காருவதும்தான் வரவு.

முதல் வருஷத் தேனை எடுக்காதீர்கள், அதுகளுக்கே விட்டுவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பருத்திக்கு மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்தபின் அடிக்கட்டும்.