போனஃபைடு

நம் கல்லூரி மாணவரிடம் "லத்தீன் தெரியுமா?" என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் பஸ் பாஸ், உதவித்தொகை, வங்கிக் கடன் என்று எதற்குப் போனாலும் "போனஃபைடு கொண்டு வா" என்கிறார்கள். நாமும் அலுவலக ஜன்னலில் நின்று, "சார், ஒரு போனஃபைடு" என்கிறோம். சென்ற ஆண்டு என் தந்தையார், "அது என்னடா போனபைட்?" என்று கேட்டபோது விழித்தேன். பிறகு நூலகத்தில் தேடியதன் பயனே இக்கட்டுரை.

'போனா' என்றால் நல்ல. 'ஃபிடெஸ்' என்றால் நம்பிக்கை, சொன்ன சொல் தவறாமை. ரோமர்கள் ஃபிடெஸைப் பெண் தெய்வமாக்கிக் கேப்பிடோல் குன்றில் கோயிலே கட்டினர். 'ஃபிடே' என்பது அச்சொல்லின் வேற்றுமை வடிவம். ஆகவே 'போனா ஃபிடே' என்பதை நம் மூன்றாம் வேற்றுமையில் 'நல்ல நம்பிக்கையோடு' எனலாம். ஒருவர் எந்த மனத்தோடு ஒரு செயலைச் செய்தார் என்பதைக் காட்டும் தொடர் அது. பிறர் பொருள் என்றறியாமல் விலை கொடுத்து வாங்கியவனுக்கு ரோமச் சட்டம் இதைக் கொண்டே இடம் கொடுத்தது. ஆங்கிலம் அதை 'உண்மையான' என்ற பொருளில் பெயரடை ஆக்கிற்று. நாமோ ஒரு தாளுக்கே பெயராக வைத்துவிட்டோம்! (நீதிமன்ற வாசலில் கேட்கும் 'அஃபிடவிட்'டும் ஃபிடெஸின் வழித்தோன்றலே, 'ஆணையிட்டுச் சொன்னார்' என்னும் வினைமுற்று அது.)

நல்ல நம்பிக்கை எது என்பதில் நம் சட்டங்களே வேறுபடுகின்றன. தக்க கவனமின்றிச் செய்ததை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் நல்ல நம்பிக்கையாக ஏற்கவில்லை. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படியே. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டமோ, கவனக்குறைவு இருந்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் போதும் என்கிறது.

இது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. என் சான்றிதழில் தலைப்பெழுத்து 'என்' என்பது 'எம்' ஆகிவிட்டது. கையெழுத்தும் முத்திரையும் சரியாகவே இருந்தன. ஆனால் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று அவர் ஜன்னல் முன் ஐம்பது பேர் முண்டிக்கொண்டு நின்றோம். 1897-இன்படி அவர் செய்தது நல்ல நம்பிக்கை, மற்றச் சட்டத்தின்படி? பொருளியல் மாணவன் நான், தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நானும் படித்துப் பாராமல்தானே வாங்கி மடித்து வைத்தேன்!

மறுநாளே திருத்திய சான்றிதழ் கிடைத்தது. அன்றிரவு தந்தையாரிடம் சொல்லின் பொருளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல நம்பிக்கையோட குடுத்தாங்க, சரி. இனிஷியலைப் பாத்து வாங்கினியா?" என்றார்.