மழைக்கு முன் ஒரு ஒத்திகை

படப்பையில் எங்கள் தெருவில் உள்ள ஒரு வீட்டில் 34 கருவிகள் ஒரே கணினியின் சொற்படி இயங்குகின்றன. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். இருட்டினால் வாசல் விளக்கு எரியும். வீட்டுக்காரர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் ஷிப்டு பார்ப்பவர். அங்கே இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி புரோகிராமை நகலெடுக்காமல் கன்ட்ரோல் பேனலில் யாரையும் கை வைக்க விடமாட்டார்கள். அந்த ஒழுங்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு வலையமைப்பையும் நகலெடுத்து, அந்த நகலிலிருந்தே வேறு கணினியில் மீட்டுப் பார்க்கிறார். இம்முறை காலை 9 மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வேலைக்குக் கணினி தேவைப்படவில்லை. 80 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி: பெயர், இருக்கும் இடம், இணைப்பு வகை, ஸ்டிக்கரில் உள்ள எண். மேட்டர் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவி என்றால் அதன் 11 இலக்க இணைப்புக் குறியீடு. சுவருக்குள் பதித்த சுவிட்சின் ஸ்டிக்கர் பின்பக்கம்தான் இருக்கும். அதைப் பின்னால் படிக்க வேண்டுமென்றால் சுவிட்ச் போர்டையே கழற்ற வேண்டும். ஆகவே பதிப்பதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறார்.

34 கருவிகளில் 11 வைஃபையில் இயங்குபவை. இவற்றுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. வைஃபைக் கருவி நினைவில் வைத்திருப்பது வலையின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான், ரூட்டரை அல்ல. ரூட்டர் எரிந்துபோனால் புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்துவிட்டால் போதும், கருவிகள் தாமாக வந்து சேரும். அந்தப் பெயர், பாஸ்வேர்டு, இணைய நிறுவனம் கொடுத்த பயனர் கணக்கு, கருவிகளுக்கு ஒதுக்கிய ஐபி முகவரிகள் எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளன. ரூட்டரின் அமைப்புக் கோப்பையும் இறக்கி வைத்தார். ஆனால் அது பெரும்பாலும் அதே மாடல் ரூட்டருக்குத்தான் பொருந்தும் என்பதால் நோட்டையே நம்புகிறார்.

மீதி 23 ஜிக்பீ என்ற தனி ரேடியோ வலையில் பேசும் கருவிகள். நுணுக்கம் எல்லாம் இங்கேதான். இவை கணினியின் யுஎஸ்பியில் செருகிய விரலளவு ஸ்டிக் ஒன்றின் வழியாகப் பேசுகின்றன. யுஎஸ்பி 3 துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும் என்பதால் ஸ்டிக்கை ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்திருக்கிறார். இந்த வலையின் அடையாளம் ஐந்து தகவல்களில் அடங்கிவிடுகிறது: 11 முதல் 26 வரையிலான சேனல்களில் ஒன்று, 16 பிட் வலை எண், 64 பிட் நீண்ட வலை எண், ஸ்டிக்கின் சொந்த 64 பிட் முகவரி, 128 பிட் ரகசியச் சாவி. சாவி என்பது 16 எண்களின் வரிசை. அது தொலைந்தால் 23 கருவிகளையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து மறுபடி சேர்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடியில் ஸ்டிக் போனபோது அவரிடம் விளக்குகளுக்கான நிரல்கள் மட்டுமே நகலாக இருந்தன. தூறலில் ஏணி போட்டுத் தொட்டி சென்சாரின் பொத்தானை ஊசியால் அழுத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

9.40க்கு நகலெடுப்பு தொடங்கியது. ஜிக்பீ வலையை நடத்தும் ஜிக்பீ டூ எம்கியூடிடி நிரலின் அமைப்புப் பக்கத்தில் காப்பு நகல் கேட்கும் பொத்தானை அழுத்தினார். வந்த சுருக்கக் கோப்பைத் திறந்து நான்கு கோப்புகள் உள்ளனவா என்று பார்த்தார்: அமைப்புக் கோப்பு, கருவிகளின் தரவுத்தளம், கடைசி நிலைக் கோப்பு, ஸ்டிக்கின் உள்ளடக்கம் கொண்ட கோப்பு. நான்காவதுதான் உயிர்நாடி. அடுத்து, வீட்டை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்டில் முழு காப்பு நகல். 2025 ஜனவரிப் பதிப்பு முதல் அதன் தானியங்கி நகல்கள் இயல்பாகப் பூட்டப்பட்டு வருகின்றன. திறவுகோலை மென்பொருள் தனியாக ஒரு கோப்பாகத் தருகிறது. அந்தக் கோப்பு அதே கணினியில் மட்டும் கிடந்தால் பீரோவுக்குள் பீரோ சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். அச்சடித்து நோட்டில் ஒட்டினார்.

நகல்கள் மூன்று இடங்களுக்குப் போயின: மடிக்கணினி, பென்டிரைவ், தாம்பரத்தில் உள்ள மைத்துனர் வீடு. மூன்றாவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, பக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இத்துடன் நிறுத்திவிடுவோர்தான் அதிகம். மீட்டுப் பார்க்காத நகலை அவர் நகல் என்றே சொல்வதில்லை. 10.30க்குப் பழைய கணினியை முறையாக அணைத்து, ஸ்டிக்கோடு கழற்றி அலமாரியில் வைத்தார். ஒரே அடையாளம் கொண்ட இரண்டு ஸ்டிக்குகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கக் கூடாது. பிறகு அதே வகைச் சிப் கொண்ட புது ஸ்டிக்கை மடிக்கணினியில் செருகி, அதன் முகவரிக்குப் பதிலாகப் பழையதன் 64 பிட் முகவரியை எழுதினார். இரண்டாவது ராஸ்பெர்ரி பை கணினிக்கு 32 ஜிபி அட்டையில் மென்பொருளை ஏற்றி, அட்டையையும் புது ஸ்டிக்கையும் செருகி மின்சாரம் கொடுத்தார். முதல் திரை வந்ததும் புதிதாகத் தொடங்காமல் காப்பு நகலிலிருந்து மீட்கும் வழியைத் தேர்ந்து, கோப்பையும் திறவுகோலையும் கொடுத்தார். 25 நிமிடம் ஆயிற்று. அதற்குள் காபி வந்துவிட்டது.

மீண்டு வந்த கணினியில் எல்லாம் இருந்தது, ஜிக்பீ மட்டும் இயங்கவில்லை. இதை அவர் எதிர்பார்த்தே இருந்தார். அமைப்புக் கோப்பில் ஸ்டிக்கின் இணைப்பு முனை அதன் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருந்தது. அது பழைய ஸ்டிக்கின் எண். அந்த ஒரு வரியை மாற்றியதும் நிரல் புது ஸ்டிக்கில் வலையை எழுதிக்கொண்டு கிளம்பியது.

11.25க்கு எண்ணத் தொடங்கினோம். நேரடி மின்சாரத்தில் உள்ள 14 சுவிட்சுகளும் பிளக்குகளும் பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிட்டன. பேட்டரியில் ஓடும் 9 சென்சார்கள் பெரும்பாலும் தூக்கத்தில் இருப்பவை. நிரலே அவற்றுக்கு 25 மணி நேரத் தவணை கொடுக்கிறது. கதவைத் திறந்து மூடி, அறைக்குள் நடந்து ஆறை எழுப்பினோம். எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

சோதனை முடிந்ததும் பழைய ஸ்டிக்கை மீண்டும் மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. ஜிக்பீயில் ஒவ்வொரு செய்திக்கும் ஏறுமுகமாக ஒரு வரிசை எண் உண்டு. கருவிகள் கடைசியாக வந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். 4,500ஆம் எண் ரசீதுக்குப் பின் 4,200ஆம் எண் ரசீது வந்தால் கணக்குப்பிள்ளை எப்படித் தள்ளிவிடுவாரோ, அப்படியே கருவியும் அதை யாரோ பதிவுசெய்து திருப்பி அனுப்பிய செய்தி என்று தள்ளிவிடும். புது ஸ்டிக்கின் எண் முன்னே போய்விட்டது. பழையது பின்தங்கிவிட்டது. ஆகவே புதியதே இனி முதன்மை, பழையது அடுத்த ஆண்டு ஒத்திகைக்கு. இதே காரணத்தால் காலையில் எடுத்த நகலும் பழசாகிவிட்டது, 12.15க்குப் புது ஸ்டிக்கிலிருந்து மறுபடி நகலெடுத்து மூன்று இடங்களிலும் மாற்றினார்.

பழைய ஸ்டிக் ஒரு டப்பாவுக்குள் போயிற்று. மூடியில் தேதியிட்டு ஒரு தாள் ஒட்டினார்: "புது நகலை ஏற்றாமல் செருகாதே." மாலை 6.40க்குத் தொட்டி சென்சார் கடைசியாக எழுந்தது. இருபத்து மூன்று.