கார் ஏ.சி-யில் கேஸ் குறைஞ்சிடுச்சா? டின் வாங்கும் முன் இதைப் படிங்க!

சித்திரை வெயில், பள்ளி விடுமுறை. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு 46 கிலோமீட்டர். அந்த வழியில் வரும் கார்கள் எல்லாம் பென்னாகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பின் சீட்டில் தாத்தா, பாட்டி, மடியில் குழந்தை. அந்த நேரம் பார்த்து ஏ.சி அனல் காற்றை ஊதினால்?

சுற்றுலா வரும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் அவஸ்தை. பென்னாகரத்தில் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கோ சீசன் வருமானமே அடிபடும். மெக்கானிக் கடையில் வண்டியை விட்டால் ஒரு நாள் சவாரி போச்சு. அதனால்தான் செல்போனைத் தேடுகிறது கை. ‘வீட்டிலேயே பத்து நிமிடத்தில் கேஸ் நிரப்பலாம்’ என்கிறது வீடியோ. டியூப் மாட்டிய டின்னும் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

கேஸ் எங்கே போச்சு?

ஏ.சி கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் நிரப்புகிறோமா? காரில் ரப்பர் ஹோஸ்களும் இன்ஜின் அதிர்வும் இருப்பதால் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால், போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடைக்குள் காலி என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. முன்பக்க கண்டென்ஸரில் கல் அடித்திருக்கலாம். இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால், புது கேஸும் அதே வழியில்தான் போகும்.

டின்னில் என்ன சிக்கல்?

இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ‘ஆர்-134ஏ’ கேஸ். சிறிய கார்களில் அதன் அளவு ஏறக்குறைய அரை கிலோதான். எத்தனை கிராம் என்பதை பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். டின்னில் உள்ள மீட்டர் எடையைக் காட்டாது; ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் காட்டும். அதுவும் வெயிலுக்குத் தகுந்தபடி மாறும். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் நிரப்பினால் அளவு கூடிவிடும். கூடினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும். கேஸ் ரொம்பக் குறைந்த நிலையில் ஓட்டினாலும் கம்ப்ரஸருக்கு ஆபத்துதான். அதற்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதானே சுற்றி வருகிறது!

குழாய்க்குள் காற்றும் ஈரமும் புகுந்திருந்தால் வேக்குவம் பம்ப் போட்டுத்தான் உறிஞ்ச முடியும். டின்னால் அது ஆகாது.

கை மாறி உயர் அழுத்தப் பக்கத்தில் மாட்டினால் டின்னே வெடிக்கலாம். அந்தப் பக்கத்து அழுத்தம் டயர் காற்றைப் போல ஆறேழு மடங்கு. இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். மலிவாகக் கிடைக்கிறதே என்று எரியக்கூடிய கேஸை ஏற்றுவது, தீயை வண்டிக்குள் வைத்து ஓட்டுவதற்குச் சமம்.

அமெரிக்காவில் டின் சகஜமாக விற்கிறது, உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு டின்னுக்கும் 10 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். மிச்ச கேஸ் காற்றில் கலக்காமல், காலி டின் கடைக்கே திரும்பி வரத்தான் இந்த ஏற்பாடு. காரணம், இந்த கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,300 மடங்கு வீரியமானது. இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் காற்று வேகமே குறையும்.
* கண்டென்ஸரில் ஒட்டிய மண், பூச்சிகளை மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.
* ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். தவறு கேஸில் இல்லாமலும் இருக்கலாம்.
* ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கேதான். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி-யைப் போடுங்கள். ரப்பர் வளையங்கள் காயாது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

“கேஸ் அடிச்சிடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பென்னாகரமோ தர்மபுரியோ, எந்தக் கடையானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: கசிவு எங்கே என்று பார்த்தீர்களா? பழைய கேஸை வெளியே விடாமல் மெஷினில் எடுப்பீர்களா? அரை மணி நேரமாவது வேக்குவம் போடுவீர்களா? எத்தனை கிராம் என்று எடை பார்த்து நிரப்புவீர்களா?

நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால் வண்டியை நம்பி விடலாம். ‘அதெல்லாம் எதுக்கு சார், கேஸ் ஏத்தினா போதும்’ என்றால், அவர் செய்யப்போவதும் டின் வேலைதான். கூலி மட்டும் கூடுதல்.

டின் வாங்கி ஒரு நாள் சவாரியை மிச்சப்படுத்தலாம். கம்ப்ரஸர் போய்விட்டால் சீசனில் பல நாள் சவாரி போய்விடும். ஏ.சி-யிலேயே விலை கூடிய பாகமும் அதுதான். சவாரி இல்லாத நாளாகப் பார்த்து, சீசன் தொடங்கும் முன்பே கசிவைப் பார்த்துவிடுவதுதான் லாபம்.