தாயின் எடையும் சேயின் நலமும்

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. என் மதினி உண்டாகியிருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. "ஏட்டி, அளவாத் தின்னு. பிள்ளை பெருத்துட்டா பெத்து எடுக்கது கஷ்டம்" என்பது ஆச்சியின் கட்சி. "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்லா" என்று தட்டு நிறையச் சோறு வைப்பது அம்மாவின் கட்சி. விலங்கியல் படிப்பவள் என்பதால் நியாயம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்காகப் படித்தறிந்தவற்றை நம் கல்லூரித் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நல்ல உடல்நிலையுள்ள பெண்ணுக்கு நிறைமாதத்தில் ஏறத்தாழ 12 கிலோ எடை கூடுகிறது. பிறக்கும் குழந்தையோ 3 கிலோ. மீதி 9 கிலோ எங்கே? நச்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பனிக்குட நீர் முக்கால் கிலோ. விரிந்து வளர்ந்த கருப்பை ஒரு கிலோ. தாயின் இரத்தம் மட்டும் ஒன்றேகால் கிலோ பெருகுகிறது. மார்பகங்கள் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திசுக்களில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. எஞ்சிய ஏறத்தாழ மூன்றரைக் கிலோவும் கொழுப்பு. இதை வீண் சதை என்று எண்ணிவிடலாகாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடல் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சேமிப்பு அது.

இனி ஆச்சியின் கட்சிக்கு வருவோம். தாய் பட்டினி கிடந்தால் குழந்தை சிறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் எது சிறுக்கிறது? உணவு குறையும்போது கரு தன் மூளைக்கு இரத்தத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. ஆகவே தலை அவ்வளவாகச் சிறுப்பதில்லை. உடலின் சதையும் கொழுப்பும் ஈரலில் சேரும் சர்க்கரையுமே குறைகின்றன. பிரசவத்தில் வழியடைப்பதோ பெரும்பாலும் தலை! ஆக, சுகப்பிரசவத்துக்காகப் பட்டினி கிடப்பவள் இழப்பது பெரிது, பெறுவது சொற்பம். 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். அதன் உடம்பில் சூடு தங்காது. சர்க்கரை சட்டென்று இறங்கும். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பிராது. கிருமிகள் எளிதில் பற்றும்.

இதற்குச் சரித்திரமே ஒரு கொடுமையான சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் உணவு வரத்து அறுந்தது. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஒருவருக்கான பங்கீடு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே போய், சில வாரங்களில் 500 வரை தாழ்ந்தது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது. அந்தப் பஞ்சத்திலும் அங்கே பிரசவப் பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்பட்டன என்பதுதான் எனக்கு வியப்பு. அவற்றைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, கடைசி மூன்று மாதங்களில் பஞ்சத்தில் சிக்கிய கருக்கள் சராசரியாகச் சுமார் 300 கிராம் குறைந்து பிறந்தது தெரிந்தது. தொடக்க மாதங்களில் மட்டும் சிக்கியவை சாதாரண எடையுடன் பிறந்தன. ஆனால் ஐம்பது வயதையொட்டி அவர்களிடையே இதய நோய் மிகுந்து காணப்பட்டது. பிறப்பு எடை சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்பதற்கில்லை.

அப்படியானால் அம்மாவின் கட்சி வென்றதா? அதுவுமில்லை. இரண்டாவது உயிருக்கு இரண்டாவது இலை தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கருவுற்றவளுக்குக் கூடுதலாகச் சொல்வது நாளைக்குச் சுமார் 350 கலோரி. அதாவது இரண்டு மூன்று இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால். அளவு மீறி எடை கூடினால் 4 கிலோவைத் தாண்டிய குழந்தை, தோள் சிக்கும் பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு வாய்ப்பு மிகுகிறது. பிறகு அந்தச் சதை தாயைவிட்டு இறங்குவதுமில்லை. ஒரே வாரத்தில் திடீரென எடை ஏறி முகமும் கையும் வீங்கினால் அது சோற்றால் வந்ததன்று. இரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது இதற்காகவுந்தான்.

எவ்வளவு கூடலாம் என்பது எந்த எடையில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வகுத்தபடி, அந்த எண் 18.5-க்குக் கீழிருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும், 18.5 முதல் 25-க்குள் எனில் 11.5 முதல் 16. 25 முதல் 30-க்குள் எனில் 7 முதல் 11.5, அதற்கும் மேலெனில் 5 முதல் 9. (குள்ளமான உடல்வாகுள்ள நம் பெண்களுக்கு மருத்துவர்கள் சற்றுக் குறைத்தே சொல்வதுண்டு.) 150 சென்டிமீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ள பெண்ணின் எண் 17.8. நம் வகுப்பறையில் இவ்வெண் அபூர்வமன்று!

அரசு கைகட்டி நிற்கவில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கிடைக்கிறது. 1987-இல் 300 ரூபாயுடன் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது. ஆனால் அந்தச் சத்துமாவு வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் உருண்டையாகப் பகிரப்பட்டு, கர்ப்பிணி எல்லாரும் உண்டபின் கடைசியில் உட்காரும் வீடுகளும் உண்டு. அதற்கு எந்தத் திட்டம் என்ன செய்யும்?

அந்த எட்டு, ஒன்பது மாதத்தில் மட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. மெலிந்தவளாகவே கருவுற்று, எடையும் கூடாத பெண்ணுக்கே எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி. நம்மில் பலர் ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்கக் காலைச் சாப்பாட்டை விட்டு வருகிறோம். உடற்கல்வித் துறை அறையில் எடை பார்க்கும் இயந்திரமும் உயரம் அளக்கும் கோலும் இருக்கின்றன. வகுப்பது இரண்டு நிமிட வேலை, விடை 18.5-க்குக் கீழே வந்தால், நாளைக் காலை டிபன் டப்பாவில் இரண்டு இட்லியாவது எடுத்து வாருங்கள், பேருந்திலேயே சாப்பிடலாம்.